ஒட்டக எருவும் நைதரசன் இழப்பும்

அமோனியா என்னும் சொல் பாலைவனத்துத் தெய்வம் ஒன்றின் பெயரைத் தன்னகத்தே தாங்கி நிற்கின்றது. எகிப்தின் மேற்கெல்லையிலே, சீவா என்னும் பாலைவனச் சோலையில், அமோன் தேவனுக்குப் புகழ்பெற்ற கோயில் ஒன்று இருந்தது. கி.மு. 331இல் மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் மணற்காடு கடந்து சென்று குறி கேட்டது அக்கோயிலிலேயாம். அதன் அயலிலே கிடைத்த உப்பினை உரோமர் அமோனிய உப்பு என்று அழைத்தனர். அப்பெயரே பல நூற்றாண்டுகள் கழித்து வேறொரு பொருளைப் பற்றிக்கொண்டது. அப்பொருளைத் தமிழர் நவச்சாரம் என்பர். செப்புப் பாத்திரங்களுக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் ஈயம் பூசுவோரும் சித்த மருத்துவரும் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த பண்டம் அது. இரசாயன நூலார் அதனை அமோனியங் குளோரைட்டு எனக் கூறுவர்.

அமோன் கோயிலுக்கு யாத்திரை வந்தோரின் ஒட்டகங்கள் இட்ட எருவிலிருந்தே அவ்வுப்பு முதலில் உண்டாயிற்று என்று பாடநூல்கள் பலவற்றில் ஒரு கதை வழங்குகின்றது. கதை இனியதே, ஆயினும் சான்றுகளோடு அது பொருந்தவில்லை. அக்கோயில் புகழோங்கி விளங்கிய பழங்காலத்தில் ஒட்டகம் எகிப்திலே அரிய விலங்கு; தொலமி வமிச மன்னர் காலத்திலேதான் அது அங்குப் பரவலாயிற்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி கூறும் அமோனிய உப்போ மணலின் கீழிருந்து எடுக்கப்பட்டது. அது பெரும்பாலும் கல்லுப்பின் ஒரு வகையே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. உண்மையான நவச்சாரம் இடைக்காலத்திலே அரபு, பாரசீக நூல்களில் நுசாதிர் என்னும் பெயரோடு தோன்றுகின்றது. 10ஆம் நூற்றாண்டுப் புவியியலார், மத்திய ஆசியாவின் மலைப் பிளவுகளிலிருந்து எழும் சூடான ஆவி படிந்து அஃது உண்டாவதை எழுதிவைத்துள்ளனர். வடமொழியிலும் தமிழிலும் வழங்கும் பெயர்கள் அப்பாரசீகச் சொல்லோடு உறவுடையன போலும்.

ஆயின் ஒட்டகத்துக்கும் நவச்சாரத்துக்கும் தொடர்பே இல்லையெனத் தள்ளிவிடுதல் கூடாது. அத்தொடர்பு கோயில் வாயிலில் அன்று, எகிப்தியக் குடியானவனின் அடுப்படியிலே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஐரோப்பாவில் விற்கப்பட்ட நவச்சாரத்தின் பெரும்பகுதி எகிப்திலிருந்தே சென்றது. அது எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை வாங்குவோர் அறியார். அஃது ஆவியாக்கிப் படிய வைத்துப் பெறப்படும் பொருள் என்று பாரிசு மாநகரத்து இரசாயனர் ஜொப்ருவா 1716இல் கூறியபோது, சக அறிஞர் சிலர் அதனை மறுத்தனர். கெய்ரோவிலிருந்த பிரெஞ்சுத் தூதுவரும், சிக்கார் என்னும் இயேசுசபைப் பாதிரியாரும் எழுதியனுப்பிய செய்திகள் வந்த பின்னரே அவ்வழக்குத் தீர்ந்தது.

இன்னும் விரிவான விவரத்தைத் தந்தவர் லின்னேயசின் மாணாக்கரான சுவீடன் நாட்டு ஹாசல்குவிஸ்ட். 1750இலும் 1751இலும் எகிப்திலே சுற்றித் திரிந்த இவ்விளைஞர், நாடு திரும்பாமலே 1752இல் சிமிர்னா நகருக்கு அருகில் இறந்தார். அவருடைய குறிப்புக்களை ஆசிரியரே 1757இல் பதிப்பித்தார். விறகில்லாத எகிப்திலே ஏழைகள் விலங்குகளின் எருவைச் சுவரிலே தட்டி வெயிலிற் காயவைத்து எரித்தனர். அவ்வடுப்புப் புகை படிந்த கரியைச் சுரண்டி விற்றனர். தொழிலாளர் அக்கரியைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் இட்டு, வரிசையாக உலையில் அமைத்து, மூன்று பகலும் மூன்று இரவும் தீ மூட்டினர். குடுவையின் மேற்பகுதியில் வெண்ணிறக் கட்டியாக நவச்சாரம் படிந்தது. பின்னர் குடுவையை உடைத்துக் கட்டியை எடுத்தனர். 26 இறாத்தல் கரியிலிருந்து 6 இறாத்தல் நவச்சாரம் கிடைத்தது என்பது அவர் தரும் கணக்கு.

இக்கணக்கை இன்றைய அறிவு கொண்டு நோக்குதல் தகும். நவச்சாரத்தின் நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நைதரசன். எனவே 6 இறாத்தல் நவச்சாரத்திலே ஒன்றரை இறாத்தலுக்குச் சற்று மேலான நைதரசன் அடங்கியிருந்தது. எருவை எரிக்கும்போது அதிலுள்ள பொற்றாசியமும் பொசுபரசும் சாம்பலில் எஞ்சும், நைதரசனோ எஞ்சாது. அதன் பெரும்பகுதி வெறும் நைதரசன் வாயுவாகவும், ஓரளவு நைதரசன் ஒட்சைட்டுக்களாகவும் அமோனியாவாகவும் புகையோடு போய்விடும். எகிப்திய விலங்குகள் மேய்ந்த செடிகளிலும் குடித்த நீரிலும் உப்பு மிகுதி. அவ்வுப்பின் குளோரின் புகையிலுள்ள அமோனியாவோடு கூடிக் கூரையிலும் சுவரிலும் கரியோடு ஒட்டிக்கொண்டது. வெனிசுக்கும் மார்செயிலுக்கும் கப்பலேறிய சரக்கு, வயலை அடையாது தப்பியோடிய நைதரசனிலே வழியிற் பிடிபட்ட ஒரு சிறு பங்கேயாகும். உலக வரலாற்றிலே ஒரு நாட்டின் எரு இழப்பு, வணிகப் பொருளாகக் கணக்கேட்டில் ஏறிய இத்தகைய நிகழ்ச்சி மிக அரிது.

ஹாசல்குவிஸ்டின் குறிப்பிலே இன்னுமிரு செய்திகள் உண்டு. நவச்சாரத்துக்கு ஒட்டகத்தின் எருவே வேண்டும் என்று ஐரோப்பாவிலே பரவியிருந்த நம்பிக்கையை அவர் மறுத்தார். மாடு, எருமை, ஆடு, கழுதை, குதிரை ஆகியவற்றின் எருவும் அவ்வாறே பயன்பட்டது. ஒட்டக எருவுக்குத் தனிச் சிறப்பு இல்லை என்பது அவர் கண்டது. மற்றது, ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் விலங்குகள் பசும்புல் தின்னும் காலத்து எருவே இத்தொழிலுக்கு உகந்தது என்பது. எகிப்திலே அப்பசும்புல் என்பது பெர்சீம் என்னும் ஒருவகைத் தீவனப் பயிர். அவரை இனத்தைச் சேர்ந்த அப்பயிர் காற்றிலுள்ள நைதரசனை வேர் முடிச்சுக்களின் வழியே கவர்ந்துகொள்வது, புரதம் செறிந்தது. நைதரசன் என்னும் பெயரே அக்காலத்தில் இல்லை. எனினும், தீவனம் மாற எருவும் மாறும் என்பதைக் கரி வாங்கும் தொழிலாளி தன் குடுவையின் விளைச்சல் கொண்டே அறிந்திருந்தான். பிற்காலத்துப் புள்ளிவிவரக்காரர் பலர் மறந்துவிட்ட உண்மை அது.

எருவை எரித்துவிட்டால் வயல் என்னாவது? எகிப்து இவ்வினாவை அஞ்சாதிருந்ததற்குக் காரணம் நைல் நதி. ஆண்டுதோறும் பெருக்கெடுத்து வந்த வெள்ளம் வண்டலைக் கொணர்ந்தது. அதனோடு பெர்சீமும் அவரை இனங்களும் மண்ணை ஊட்டின. மேலும் வேண்டியதைப் புறாக் கூண்டுகளும் பாழூர் மேடுகளும் தந்தன. இம்மேடுகளின் வரலாறு தனியே எழுதத் தக்கது. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்களும் விலங்குகளும் வாழ்ந்து கைவிட்ட ஊர்களிலே, மண்கட்டிச் சுவரும் குப்பையும் எருவும் கலந்து மட்கி, நைத்திரேற்று மிக்க மண்ணாகிக் குவிந்து கிடந்தன. மழை பொழியும் நாட்டிலாயின் அந்த நைத்திரேற்று நீரிற் கரைந்து நிலத்தடிக்கு இறங்கியிருக்கும். எகிப்திலோ மழை அரிது. ஆதலின் பழைய நைதரசன் கரையாது காத்துக் கிடந்தது. செபாக் எனப்பட்ட இம்மண்ணைக் குடியானவர் தோண்டிக் கழுதைகளிலும் ஒட்டகங்களிலும் ஏற்றி வயலுக்குக் கொண்டு சென்றனர். 1887இல் அமர்னாவின் களிமண் மடல்கள் இவ்வாறு தோண்டியபோது வெளிப்பட்டன என்பது வழக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1924இல் பாயூம் பகுதியிலுள்ள கரானிசு நகரை அகழப் புகுந்தபோது, நகரின் நடுப்பகுதியைச் செபாக் தோண்டுவோர் ஏற்கனவே அழித்துவிட்டிருந்தனர். தொல்பொருளாளர் இதனை எண்ணி வருந்துவர். குடியானவனுக்கோ அது முன்னோர் விட்டுச்சென்ற எரு.

எகிப்திய நவச்சாரத் தொழில் மெல்ல நலிந்தது. 1756இல் எடின்பரோ நகரிலே, பிற்காலத்திற் புவியியலறிஞராகப் புகழ்பெற்ற ஜேம்சு ஹற்றனும் அவர் நண்பர் டேவியும், புகைக்கூண்டுக் கரியிலிருந்து நவச்சாரம் செய்யும் வழியைக் கண்டனர். 19ஆம் நூற்றாண்டிலே நிலக்கரி வாயுத் தொழிற்சாலைகள் அமோனியாவைக் கழிபொருளாகவே வெளித்தள்ளின. நெப்போலியனோடு 1798இல் எகிப்துக்குச் சென்ற அறிஞர் குழு இத்தொழிலின் வரலாற்றை விரிவாக எழுதிவைத்தபோது அதன் அந்தி நெருங்கிவிட்டது. அக்குழுவிலே பெர்தொலேயும் இருந்தார் என்பது குறிப்பிடத் தக்கது. அமோனியா நைதரசனாலும் ஐதரசனாலும் ஆயது என 1785இல் நிறுவியவர் அவரே. வயலின் நிலையும் மாறிற்று. அணைகள் எழுந்து, வெள்ளப் பாசனம் போய் ஆண்டு முழுவதும் நீர் பாயும் முறை வந்தது. 1970இல் அசுவான் உயரணை நிறைவெய்தியபின் வண்டல் அணையின் பின்னே தங்கிற்று. எருவை எரித்து வந்த நாடு, தொழிற்சாலையிலே செய்யப்பட்ட நைதரசனுக்குக் கையேந்த வேண்டியதாயிற்று.

எகிப்திலே நேர்ந்தது எங்கும் நேர்ந்தது என்று கொள்ளலாகாது. இந்தியாவின் தார்ப் பாலைநிலத்திலே ஒட்டகம் வளர்ப்போர் இரைக்கர் எனப்படும் சமூகத்தார். இராசசுத்தானின் தென்பகுதியில், அறுவடை முடிந்த வயல்களிலே இவர்களுடைய ஒட்டக மந்தைகளை இரவிற் பட்டி அடைக்க உழவர் விரும்புவர். அதற்குத் தானியமோ பணமோ கொடுப்பதும் உண்டு. இங்கே எரு அடுப்புக்குச் செல்லாது, பிழுக்கை விழுந்த இடத்திலேயே மண்ணோடு சேர்கின்றது. சிறுநீரும் அவ்வாறே. அவ்வயல்களில் நிற்கும் மரம் வன்னி. அதுவும் அவரை இனத்தைச் சேர்ந்தது. அதன் தழையை ஒட்டகம் மேய்கின்றது. மரம் நிலத்துக்கு ஊட்டுவதை ஒட்டகம் ஓரிடத்திலிருந்து கொய்து மற்றோரிடத்திற் கொண்டு சேர்க்கின்றது எனலாம். இழப்பு இங்கும் இல்லாமலில்லை. வெப்பமும் காரத்தன்மையும் கொண்ட மணலிலே சிறுநீரின் யூரியா விரைவிற் சிதைந்து அமோனியாவாகிக் காற்றிற் பறக்கும். ஆயினும் எரித்தலாகிய பேரிழப்பு நேர்வதில்லை.

கென்யாவின் வடமேற்கிலுள்ள துர்க்கானா நாட்டிலே நிலைமை வேறு. அங்குள்ள நாடோடி மக்கள் பயிரிடுதல் குறைவு. ஒட்டகமும் ஆடும் மாடும் இரவிலே முள்வேலிப் பட்டிகளில் அடைக்கப்படும். மேய்ச்சல் தீர்ந்ததும் மக்கள் பட்டியைக் கைவிட்டுப் பெயர்ந்து செல்வர். பலநாள் மேய்ந்து திரட்டிய நைதரசன் ஒரு சிறு வட்டத்துள்ளே குவிந்து கிடக்க, அதிற் பெரும்பங்கு காற்றோடு போகும். மழை வந்ததும் எஞ்சிய எருவிலே கருவேல இனத்து மரக்கன்றுகள் முளைக்கின்றன. விலங்குகள் தின்ற காய்களின் விதைகளே அவை. வரண்ட வெளியிலே காணப்படும் சில மரக்கூட்டங்கள் பழைய பட்டிகளின் அடையாளங்கள் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். இழப்பென்றும் ஆக்கமென்றும் இதனைப் பிரித்துக் கூறுதல் எளிதன்று.

மொங்கோலியாவின் கோபி வெளியிலோ, விறகின்மையால் எருவே எரிபொருள். ஆயின் அங்குக் குளிர்காலம் நீண்டது. உறைந்த எருவிலிருந்து அமோனியா எழுவது மிகக் குறைவு. குளிர் ஓரளவு காத்ததை அடுப்பு அழிக்கின்றது.

இவ்வேறுபாடுகளுக்கெல்லாம் அடியில் ஒட்டகத்தின் உடலமைப்பும் உண்டு. சிமிட்-நீல்சன் தம்பதியர் 1953இலும் 1954இலும் அல்சீரிய சகாராவிலுள்ள பெனி அபேசு என்னுமிடத்திலே ஒட்டகங்களை ஆராய்ந்தனர். 1957இல் தம் துணைவரோடு வெளியிட்ட கட்டுரையிலே, புரதம் குறைந்த தீவனம் உண்ணும் ஒட்டகம் யூரியாவைச் சிறுநீரிற் கழித்துவிடாமல் தடுத்து வைத்துக்கொள்கின்றது என்பதைக் காட்டினர். அந்த யூரியா இரைப்பைக்கு மீண்டும் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களாற் புரதமாகின்றது. எனவே வறண்ட புதரை மேயும் ஒட்டகத்தின் சிறுநீர் நைதரசனில் வறியது. எளிதில் அமோனியாவாகக் கூடிய பங்கும் குறைவு. பெர்சீம் தின்னும் ஒட்டகமோ இத்தகைய சிக்கனத்தைக் கைவிடும். பாலையின் நடுவே இழப்புக் குறைவதும் நீர்வளமிக்க நிலத்திலே கூடுவதும் இதனாலாகும். மேலும் இதன் பிழுக்கை பெரும்பாலும் உலர்ந்தே விழுவதால், பாலைவழியே செல்வோர் அதனை அதிகம் காயவைக்காமலே எரிக்க முடிந்தது. நீரைச் சேமிக்க ஏற்பட்ட அதே இயல்பு, எருவை அடுப்புக்கு உரியதாக்கிற்று.

இனி, இக்காலத்து ஒப்பீட்டுக் கணக்கை நோக்குவோம். ஐக்கிய நாடுகள் உணவு விவசாயத் தாபனம் 1961 தொடக்கம் நாடுவாரியாக ஒட்டகத் தொகையைத் திரட்டி வைத்துள்ளது. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டி, 1,000 கிலோகிராம் உடல்நிறைக்கு நாளொன்றுக்கு 0.46 கிலோகிராம் நைதரசன் கழிக்கப்படும் எனவும், ஓர் ஒட்டகத்தின் நிறை 217 கிலோகிராம் எனவும் கொள்கின்றது. இதன்படி ஓர் ஒட்டகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 36 கிலோகிராம் நைதரசனைக் கழிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு அமோனியாவாகவும் நைதரசன் ஒட்சைட்டுக்களாகவும் காற்றிற் சேரும் என்பதும் அவ்வழிகாட்டியின் பொது விதி. ஆபிரிக்கா, மத்திய கிழக்கு, ஆசியா ஆகிய மூன்றுக்கும் 0.46 என்பதே எண். வளர்ந்த ஒட்டகம் 400 முதல் 600 கிலோகிராம் வரை நிற்கும் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

தரவு அரிதாகிய நாடுகளுக்காக வகுத்த எளிய விதி இது. விதியை வகுத்தோரைக் குறைகூறுதல் முறையன்று. ஆயின் அதனைக் கொண்டு நாட்டை நாட்டோடும் காலத்தைக் காலத்தோடும் ஒப்பிடப் புகுவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். இந்தியாவிலே 1977ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 11 இலட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012இல் அவை 4 இலட்சமாகவும், 2019இல் இரண்டரை இலட்சமாகவும் குறைந்தன. உழவு இயந்திரமும் வீதியும் வாய்க்காற் பாசனமும் வந்ததும், மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் காரணங்கள். விதிப்படி பெருக்கினால், இந்திய ஒட்டகங்கள் கழித்த நைதரசன் 40,000 ரொன்னிலிருந்து 9,000 ரொன்னாக வீழ்ந்தது என்று விடை வரும். இழப்பும் அதே விகிதத்தில் வீழ்ந்ததாகத் தோன்றும். மொங்கோலியாவிலே 1990இல் 5 இலட்சத்துக்கு மேலிருந்த ஒட்டகங்கள் 2002 அளவில் இரண்டரை இலட்சமாகின. அங்கும் அதே விடை வரும். இவ்விரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் ஒன்றுபோலவே தோன்றும்.

உண்மையில் அக்கோடுகள் காட்டுவன ஒட்டகத் தொகையின் ஏற்றத்தாழ்வையன்றி இழப்பின் வேறுபாட்டையன்று. ஒவ்வொரு தலைக்கும் ஒரே எண்ணைப் பெருக்கிய பின்னர், தலைகளின் எண்ணிக்கையே விடையாகத் திரும்பி வருதல் இயல்பு. பட்டி அடைத்த வயலுக்கும் எரிந்த அடுப்புக்கும் உள்ள தூரம் அக்கணக்கில் இல்லை. இரைக்கரின் மந்தை குறையும்போது தென் இராசசுத்தானின் வயல் இழப்பது பயன்பட்ட நைதரசனை. கோபியிலே மந்தை குறையும்போது குறைவது பெரும்பாலும் எப்படியும் எரிந்து போகவிருந்த நைதரசன். முன்னதைக் கணக்கிலே இழப்புக் குறைந்தது என்று பதிந்தால், எருவுக்குப் பதிலாக யூரியா மூடை வாங்கும் உழவன் அதனை ஒப்பான்.

இக்கணக்கைத் திருத்தக்கூடிய வழிகள் இல்லாமலில்லை. அமோனியா பறக்கும்போது இலேசான நைதரசன் அணுக்களே முந்திச் செல்லும். பாரமான சமதானி, எருவிலும் அவ்வெரு இட்ட மண்ணிலும் விளைந்த தானியத்திலும் விகிதத்திற் கூடி எஞ்சும். பழங்கால வயல்கள் எரு பெற்றனவா என்பதைக் கருகிய தானியத்தைக் கொண்டு ஆராய்வோர் இவ்வடையாளத்தையே நம்புகின்றனர். எரிந்த எருவோ சாம்பலிலே நுண்ணிய சுண்ணாம்பு உருண்டைகளை விட்டுச் செல்லும். சாம்பல் மேட்டையும் வயல் மண்ணையும் அருகருகே வைத்து ஆராய்ந்தால், ஓர் ஊரின் எரு எவ்வழி சென்றது என்பதைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் ஓரளவு அறியலாம். எகிப்தின் செபாக் மேடுகளைத் தோண்டி வயலிலே கொட்டியதால் அழிந்தவற்றுள் இச்சான்றும் ஒன்று.

அடுப்பின் கதையும் முடிந்துவிடவில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தின் வடக்கிலுள்ள ராசல்கைமாவிலே, பந்தயத்துக்கும் பாலுக்கும் வளர்க்கப்படும் ஒட்டகங்களின் எரு குப்பையாகக் குவிந்து கிடந்தது. 2019 அளவில் அங்குள்ள சீமெந்துத் தொழிற்சாலையொன்று அவ்வெருவைப் பண்ணைகளிலிருந்து சேர்த்து, ஒரு பங்கு எருவுக்கு ஒன்பது பங்கு நிலக்கரி என்ற அளவிற் கலந்து உலையிலே எரித்து வந்தது. நிலக்கரிச் செலவு குறைந்தது, பண்ணையும் துப்புரவாயிற்று. அந்த உலையிலே எரியும் எருவின் நைதரசன் புகைக்கூண்டின் வழியே போகின்றது; சாம்பல் சீமெந்துக் கட்டியோடு ஒன்றாகின்றது. எகிப்திலே சுவரிற் படிந்த கரியைச் சுரண்டியெடுக்கவாவது ஆள் இருந்தது.